ஒரு ஊசியில் குரல் வந்துவிடுமாம்!

போன வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. கிரிவலப் பாதையில் பாதி தூரம் போய்த் திரும்பும் எங்கள் ஓய்வூதியர் கூட்டம் வழக்கம்போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றி, அமெரிக்காவின் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடியின் குரலில் வந்து நின்றது.

“டிவில பார்த்தேன். அப்படியே நம்ம சார் குரல்தான். யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி உடைஞ்சு உடைஞ்சு வருது” என்றார் ஒருவர்.

“அதுக்கு ஊசி இருக்குங்க. தொண்டையில ஒரே ஒரு ஊசி. கோயில் மணி மாதிரி குரல் வந்துடுமாம்” என்றார் இரண்டாமவர்.

“அது போடாக்ஸ். சுத்த விஷம். போடப் போடத் தொண்டையே செத்துப் போயிடும்” என்றார் மூன்றாமவர்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அன்று எனக்கு ஊசி போட்டு 15-வது வாரம். மருந்தின் வேகம் வடிந்துவிட்ட நேரம். “இல்லை” என்று சொல்ல வாயைத் திறந்தேன். “இ... இ...” என்பதற்கு மேல் வரவில்லை. பாவம் என்று நினைத்துப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

பெஞ்சில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். இரண்டாமவர் சொன்னதும் தவறு, மூன்றாமவர் சொன்னதும் தவறு. இந்த இரண்டு தவறுக்கும் நடுவில் நோயாளிகள் சிக்கிச் சீரழிகிறார்கள். அதில் ஒருவரைச் சமீபத்தில் நேரில் பார்த்ததால்தான் இந்தக் கோபம்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் 1974-ல் டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். ஆர்டினரி கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று டிரங்க் கால் போட்டுக் கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். குரல்தான் என் பிழைப்பு. 2004-ல், 198 புகார் மேசையில் இருந்தபோது, ஒரு நாள் “ஹலோ” என்ற சொல் பாதியில் அறுந்தது. எதிர்முனையில் இருந்தவர், “லைன் சரியில்ல” என்று வைத்துவிட்டார். லைன் சரியாகத்தான் இருந்தது. சரியில்லாமல் போனது நான்.

அடுத்த மூன்று வருடம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் தனிப் பதிவாகும். அல்சர் மாத்திரை, ஆன்டிபயாட்டிக், நீராவி, சித்தரத்தை, ஒரு மந்திரித்த கயிறு, கடைசியில் ஒரு மனநல மருத்துவர். கேமரா விட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் “குரல் நாண் நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். இந்த நோயில் நாண்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். பேசும்போது மட்டும் மூளையிலிருந்து வரும் தவறான உத்தரவால் தசைகள் இறுகி, இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதிப் பூட்டிக் கொள்ளும். 2007-ல் சென்னையில் ஒரு மருத்துவர் கேமராவை எடுக்காமலே, ஐந்து நிமிடம் என்னைப் பேசவிட்டுக் கேட்டுவிட்டுப் பெயர் சொன்னார்: ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா.

பெயர் தெரிந்த அன்று நான் அழுதேன். நோய் வந்ததற்காக இல்லை. மூன்று வருடமாக “நடிக்கிறார்” என்ற பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்ததற்காக.

ஏன் நடிப்பு என்றார்கள்? இந்த நோயின் விசித்திரம் அப்படி. சிரித்தால் குரல் வரும். ரகசியம் பேசினால் வரும். பலருக்குப் பாடினால்கூட வரும். பெரிய கோயிலில் கூட்டத்தோடு சேர்ந்து தேவாரம் பாடுவேன், தடங்கல் இருக்காது. அடுத்த நிமிடம் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக் கொண்டு “பேரு, நட்சத்திரம்?” என்பார். வாய் திறந்து நிற்பேன். என் மனைவிதான் சொல்வாள். பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. எனக்கு இருப்பது நாண்கள் இறுக மூடிக்கொள்ளும் வகை. இந்த வகையில் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் அதிகம் மாட்டிக் கொள்ளும். அம்மா, ஆமாம், இல்லை, என்ன, எங்கே, ஐயா. அன்றாடம் வேண்டிய சொற்கள் எல்லாம் உயிரில்தான் தொடங்குகின்றன. எங்கள் ஊர்க்காரனுக்கு அண்ணாமலையார் பெயரே உயிரில்தான் தொடங்குகிறது. அரோகராவும் அப்படியே.

மனநோய் என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமில்லை. 1871-ல் லுட்விக் டிராபே என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை விவரித்தபோதே நரம்புத் தளர்ச்சியால் வரும் கரகரப்பு என்ற கணக்கில்தான் எழுதினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் இதை மனக்கோளாறு என்றே வைத்தியம் பார்த்தார்கள். எழுத்தாளர்களுக்குக் கை இறுகுவதுபோல, சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக் கொள்வதுபோல, இதுவும் தசை இறுக்க நோய் என்று தெளிவானது 1970, 80களில்தான். பதற்றம் இதைக் கூட்டும், உண்மை. ஆனால் பதற்றம் இதை உண்டாக்குவதில்லை.

எங்கள் ஊரில் இதற்குக் கூடுதலாக ஓர் ஆறுதல் வேறு உண்டு. “ரமணரே மௌனமாத்தானே இருந்தார். நீங்களும் மௌனம் பழகுங்க சார்.” இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பட்டினி கிடப்பவனைப் பார்த்து “ஏகாதசி விரதம் நல்லது” என்பீர்களா? பேச முடிந்தவர் பேசாமல் இருந்தால்தான் அது மௌனம். பேச வேண்டியவன் பேச முடியாமல் நின்றால் அதற்குப் பெயர் நோய்.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

இது விஷம்தான். அதை மறுக்கவில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சி சாசேஜ் சாப்பிட்டுத் தசை செயலிழந்து இறந்தவர்களைப் பற்றி யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் எழுதினார். 1895-ல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் உணவு நஞ்சுச் சம்பவத்தை ஆராய்ந்த வான் எர்மெங்கெம், அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். நரம்பு, தசைக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தில் அந்த உத்தரவு போய்ச் சேராமல் இந்த நஞ்சு தடுத்துவிடும். எங்கள் இலாகா பாஷையில் சொன்னால், எக்ஸ்சேஞ்ச் நன்றாக இருக்கும், போன் நன்றாக இருக்கும், நடுவில் ஜாயின்ட்டைக் கழற்றி விட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தக் கழற்றி விடும் குணத்தைத்தான் மருந்தாக்கினார்கள். மாறுகண்ணுக்கு இதைப் பயன்படுத்தியவர் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். அங்கே 1989-ல் கண் நோய்களுக்கு அனுமதி கிடைத்தது. குரல்வளைக்கு இதை முதலில் போட்டவர் நியூயார்க்கின் ஆண்ட்ரூ பிளிட்சர், 1984-ல். முகச் சுருக்கத்துக்கு அனுமதி வந்ததே 2002-ல்தான். அழகு ஊசி என்று ஊர் அறிவதற்கு 18 வருடம் முன்பே இது குரல் ஊசி.

அளவையும் பாருங்கள். நெற்றிப் புருவச் சுருக்கத்துக்கு வழக்கமாகப் போடுவது 20 யூனிட். எனக்குப் போடுவது ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் யூனிட். “தொண்டை செத்துப் போயிடும்” என்று சொன்ன நண்பருக்கு என் பதில் இதுதான்: 2007 ஆகஸ்ட் முதல் இதுவரை 41 ஊசி போட்டுக் கொண்டவன் நான். தொண்டை சாகவில்லை. 2012-ல் வெறுத்துப்போய் 14 மாதம் நிறுத்தினேன். 2020-ல் கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றபோது 9 மாதம் போட முடியவில்லை. இரண்டு முறையும் என் குரல் ஊசிக்கு முன்பிருந்த இடத்துக்கே திரும்பிப் போனது. அதைவிடக் கீழே போகவில்லை. மேலேயும் வரவில்லை.

கழற்றிய ஜாயின்ட்டை உடம்பு தானாகவே மறுபடி சேர்த்துக் கொள்கிறது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் நரம்பு பழைய வேலைக்குத் திரும்பிவிடும். நோயும் கூடவே திரும்பிவிடும். இது இந்த மருந்தின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டும்தான்.

இப்போது இரண்டாமவருக்கு வருகிறேன். “ஒரே ஊசி, குரல் மணி மாதிரி.” என் உண்மையான சண்டை இந்த வாக்கியத்தோடுதான். ஏனென்றால் டீக்கடைக்காரர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. சொல்லக் கூடாதவர்களும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். 44 வயது. பெயர், பள்ளி, மருத்துவமனை எதையும் எழுதப் போவதில்லை. கையில் ராஜினாமாக் கடிதத்தின் நகலோடு வந்தார். அவருக்கும் என் நோய்தான். கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

“ஊசி போட்டுப் பார்த்தீங்களாம்மா?”

“போட்டேன் சார். போன வருஷம் ஜூன்ல. இருந்த குரலும் போச்சு சார்.”

நடந்தது இது. பள்ளி திறந்த வாரத்தில் ஊசி. “ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் குரல் வெறும் காற்றாகப் போய்விட்டது. ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. வகுப்பில் 40 பிள்ளைகள். பயந்துபோய் மருத்துவமனைக்குப் போன் செய்தால், போனில் இவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஊசிதான் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்து, உறவினர் சொன்ன ஒரு லேகியத்தை ஆரம்பித்திருக்கிறார். ஜூலையில் குரல் அருமையாக வந்துவிட்டது. ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க நன்றாகப் பேசியிருக்கிறார். லேகியத்துக்குக் கோடி நமஸ்காரம் செய்திருக்கிறார். அக்டோபரில் குரல் மறுபடி இறுகியது. லேகியத்தை இரட்டிப்பாக்கினார். மார்ச் வரைக்கும் 18,000 ரூபாய் செலவு. குரல் வரவில்லை.

இதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. ஜூலையில் வந்தது ஊசியின் குரல். ஜூனில் வந்த காற்றும் புரையும் அதே ஊசியின் முதல் கட்டம். அக்டோபரில் போனது மருந்தின் காலம் முடிந்ததால். அட்டவணை போட்டாற்போல எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அந்த அட்டவணையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் தன் உடம்பில் நடந்ததையே அவரால் படிக்க முடியவில்லை. கெடுதலை ஊசியின் கணக்கிலும் நன்மையை லேகியத்தின் கணக்கிலும் எழுதிக் கொண்டு, 18 வருட வேலையை விடத் தயாராகிவிட்டார்.

ஊசி அவருக்குத் துரோகம் செய்யவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசாத வாய்தான் துரோகம் செய்தது. குரல் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் தங்கள் குரலைச் செலவு செய்யத் தயங்கினால் எப்படி?

யாரும் சொல்லாத அந்த அட்டவணையை என் டைரியிலிருந்து சொல்கிறேன். ஆளுக்கு ஆள் நாள் கணக்கு மாறும். வரிசை பெரும்பாலும் மாறாது.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் குரலில் காற்று சேரும். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் காற்றுக் குரல்தான். தண்ணீர், மோர், ரசம் போன்ற நீர்த்த பானங்கள் புரையேறும். கெட்டியான கஞ்சி இறங்கும். தலையை அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் இந்த நாட்களில் ஆகாது. டம்ளரை வாயில் வைத்து, முகவாயைக் கீழே இறக்கி, சிறு சிறு மடக்காகக் குடிக்க வேண்டும். மூன்றாம் வாரம் குரல் பிறக்கும். பதின்மூன்று வாரம் வரைக்கும் அது உங்கள் சொந்தக் குரல். பிறகு மெல்ல மெல்ல இறுக்கம். பதினாறாம் வாரம் பழைய இடம்.

வருடத்துக்கு மூன்று ஊசி என்றால் என் கணக்கு இப்படி வருகிறது. காற்றுக் குரல் 45 நாள். தேய்கிற குரல் 60 நாள். நல்ல குரல் 260 நாள். அதாவது பத்து நாளில் ஏழு நாள் நான் மனிதர்களோடு பேசுகிறேன். மூன்று நாள் பேசுவதில்லை. இதை மணி மாதிரி குரல் என்றும் சொல்ல முடியாது, விஷம் என்றும் சொல்ல முடியாது. பத்துக்கு ஏழு, அவ்வளவுதான். அந்த ஏழுக்காக நான் 41 முறை சென்னைக்குப் பஸ் ஏறியிருக்கிறேன்.

உலகக் கணக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 1998-ல் பிளிட்சர் குழு, 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் 12 வருட அனுபவத்தை வெளியிட்டது. நாண்கள் இறுக மூடும் வகையில் சராசரியாக இயல்பான குரலில் 90 சதவீதம் கிடைத்தது. பலன் நீடித்த காலம் சராசரி 15.1 வாரம். நாண்கள் திறந்துகொள்ளும் இன்னொரு வகையில் 66.7 சதவீதமும் 10.5 வாரமும்தான். எல்லாருக்கும் ஒரே பலன் என்பது பொய் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். அந்த 90-ஐ மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு 15 வாரத்தை விழுங்குகிறவர்கள், வட்டி விகிதத்தைச் சொல்லிவிட்டுத் தவணையைச் சொல்லாத சீட்டுக் கம்பெனிக்காரர்கள்போல.

“அப்போ ஆபரேஷன் பண்ணி ஒரேயடியா முடிச்சுடலாமே?” என்று கேட்கலாம். இங்கேதான் காலம் என்ற நீதிபதி வருகிறார். 1976-ல் சான்பிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் டீடோ, குரல்வளைக்குப் போகும் ஒரு பக்க நரம்பையே வெட்டிவிடும் முறையை வெளியிட்டார். மேசையை விட்டு எழுந்தவுடன் நோயாளி சரளமாகப் பேசினார். உலகமே கொண்டாடியது. 1983-ல் மேயோ கிளினிக்கின் ஆரன்சனும் டிசான்டோவும் அப்படி வெட்டிக் கொண்ட 33 பேரை மூன்று வருடம் கழித்துப் பார்த்தார்கள். 64 சதவீதம் பேருக்குப் பலன் நிலைக்கவில்லை. முதல் நாள் எடுத்த படத்தை வைத்துக் கல்யாணத்தை எடை போடக் கூடாது என்பார்களே, அதுதான்.

அதற்குப் பிறகு வந்த முறைகளைப் பழிக்கவில்லை. நாண்களை விலக்கி வைக்க டைட்டானியத்தில் ஒரு சிறு பாலம் வைக்கும் முறை ஜப்பானில் உருவானது. ராபர்ட் கென்னடி 2022-ல் கியோட்டோ போய்ச் செய்து கொண்டது அந்த வகைதான். அவர் குரல் இன்னும் எப்படி இருக்கிறது என்பதை நீங்களே டிவியில் கேட்கிறீர்கள். சிலருக்கு நன்றாகக் கைகொடுக்கிறது என்பதும் உண்மை. நான் சொல்வது, “நிரந்தரத் தீர்வு” என்று யார் சொன்னாலும், “எத்தனை வருடம் கழித்துப் பார்த்தீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவ்வளவுதான்.

ஊசியோடு காலம் தள்ள முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க வானொலியில் டயேன் ரீம் என்ற அம்மையார். 1998-ல் இந்த நோய் என்று தெரிந்தது. ஊசி போட்டுக் கொண்டு, குரல் வராத வாரங்களில் ஓய்வெடுத்துக் கொண்டு, 2016 வரை நிகழ்ச்சி நடத்தினார். வானொலியில்! அவர் குரல் மணி மாதிரி இல்லை. ஆனால் பேசினார். லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் மூன்று ஊசி என்பது சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி. ஒருவருக்கு எவ்வளவு யூனிட் பொருந்தும் என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும். முதல் ஊசியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வருடக்கணக்கில் போட்டால் உடம்பு மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக் கொள்ளலாம், ஆனால் குரலுக்குப் போடும் சிறு அளவில் அது அபூர்வம். 70 வயதுக்கு மேல் நாண்கள் தாமாகவே மெலிகின்றன. எனக்குக் காற்றுக் குரல் நாட்கள் கூடியதால் மருத்துவர் அளவைக் குறைத்தார். மயஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்தாலும் சொல்ல வேண்டும். மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவலாம் என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வைத்ததையும் மறைக்கக் கூடாது. மூச்சுத் திணறினாலோ விழுங்கவே முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடம்பைவிட மனம்தான் அதிகம் சோர்கிறது. 2012-ல் நான் நிறுத்தியது பக்க விளைவால் இல்லை. சலிப்பால். நல்ல குரல் வரும்போதே அது போகப் போகும் தேதி தெரிந்திருப்பது ஒரு தனி வேதனை. மகள் கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் பார்த்தபோது, ஜோசியருக்கு முன்னால் நான் என் டைரியைப் பார்த்தேன். இந்தச் சலிப்பைப் பற்றி யாராவது முன்பே பேசியிருந்தால் அந்த 14 மாதத்தை இழந்திருக்க மாட்டேன்.

பணத்துக்கு வருவோம். ஒரு குப்பியில் 100 யூனிட். எனக்குத் தேவை இரண்டரை. கலக்கிய மருந்து 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மீதி 97 யூனிட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டுமா? பல நோயாளிகளை ஒரே நாளில் வரவழைத்து, சுத்தம் கெடாமல் தனித்தனி ஊசிகளில் பிரித்துப் போட்டால் செலவு பல மடங்கு குறையும். லட்சத்தில் ஒருவருக்கு இந்த நோய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2011 சென்சஸ்படி நம் மாவட்ட மக்கள் தொகை 24 லட்சத்து 64 ஆயிரம். அப்படியானால் நம் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 25 பேர். கழுத்துத் திருகல், கண் இமை இறுக்கம் உள்ளவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். நாலைந்து மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் போதுமே. யானை விலையா இது?

காப்பீட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். நான் எடுத்திருந்த தனியார் பாலிசியில் முதல் முறை பணம் கேட்டபோது வந்த பதில்: “போடாக்ஸ் அழகு சிகிச்சை.” என் தொண்டைக்குள் என்ன அழகு என்று எழுதிக் கேட்டேன். அடுத்த பதில்: “24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கவில்லை.” டயாலிசிஸ் போகிறவரிடம் இப்படிக் கேட்பதில்லையே. வாழ்நாள் நோய்க்குத் திரும்பத் திரும்பச் செய்யும் சிகிச்சையை அப்படியே ஏற்றுக் கொள்ள வேண்டும். 2018-ல் ஜப்பான் இந்த ஊசியைக் குரல் நோய்க்கே முறைப்படி அங்கீகரித்தது. அழகு சிகிச்சைக்கா அங்கீகரித்தார்கள்?

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மருத்துவர்களே, முதல் ஊசிக்கு முன்னால் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். மூன்றாம் நாள் இது, பத்தாம் நாள் இது, நான்காம் மாதம் இது என்று. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். ஊசியோடு பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடுதல் நாள் நிற்கிறது என்று 1995-லேயே ஆய்வு வந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்களே, நாங்கள் பாதியில் நின்றால் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். பாதி நேரம் நீங்கள் முடிக்கிற வாக்கியம் நாங்கள் சொல்ல வந்தது இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். “எல்லாத்தையும் முன்னாடியே சொன்னா நோயாளி பயந்து ஓடிடுவார்.” என்னிடமே ஒரு மருத்துவர் சொன்னார். அந்த டீச்சர் ஓடியது சொன்னதாலா, சொல்லாததாலா?

டீச்சரிடம் அன்று என் டைரியைக் கொடுத்தேன். 18 வருட டைரி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்துவிட்டு, “அப்போ ஜூலைல வந்தது என் குரல்தானா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு “ஆ” வரவில்லை. தலையாட்டினேன். ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்படவில்லை.

இந்த முறை அவர் பள்ளி விடுமுறையைப் பார்த்து, காற்றுக் குரல் நாட்கள் அதற்குள் வரும்படி தேதி குறித்துக் கொண்டு, போன வாரம் வேறோர் இடத்தில் இரண்டாவது ஊசி போட்டுக் கொண்டார். எனக்கும் அடுத்த வாரம் ஊசி. கார்த்திகை தீபத்துக்கு ஏழு வாரம் முன்னால் போட்டுக் கொண்டால், மலையில் தீபம் ஏறும்போது நல்ல குரல் இருக்கும். 18 வருடமாக அப்படித்தான் தேதி வைத்துக் கொள்கிறேன். நிறுத்திய வருடத்திலும் கொரோனா வருடத்திலும் மட்டும் உதட்டை அசைத்தேன்.

நேற்று டீச்சரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. “சார், இன்னிக்கு மூணாம் நாள். காத்து வந்துடுச்சு. புரையும் ஏறுது. கெட்டிக் கஞ்சி குடிச்சேன். பயமா இல்ல.”

அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படி உடைந்த குரலோடு யாராவது இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். லேகியத்தையும் மௌனத்தையும் சிபாரிசு செய்வதைப் பிறகு வைத்துக் கொள்ளலாம்.